ஒரே சம்பளத்துல ஓடுற குடும்பமா? டிடிஎஸ்ஸை ஜனவரி வரைக்கும் விடாதீங்க, இப்பவே சரி பண்ணுங்க



தீபாவளி முடிஞ்சாச்சு. போனஸ் வந்த வேகத்துலயே செலவாகியும் இருக்கும். இப்ப ஒரே ஒரு வேலை செய்யுங்க. போன மாச பே ஸ்லிப்பை எடுத்து, பிடித்தம் பக்கத்துல 'இன்கம் டாக்ஸ்' இல்லன்னா 'டிடிஎஸ்'னு போட்டிருக்கிற தொகையைப் பாருங்க. அந்தத் தொகை எப்படி வந்துச்சுன்னு உங்களால சொல்ல முடியுமா?

நம்மள்ல நிறைய பேருக்கு முடியாது. "கம்பெனி பிடிக்குது, வருஷக் கடைசியில ஃபார்ம் 16 கொடுக்குது, அவ்வளவுதான்"னு விட்டுடுறோம். வீட்டுல ரெண்டு பேர் சம்பாதிச்சா இப்படி விட்டாலும் சமாளிச்சிடலாம். ஒருத்தருக்கு அதிகமா பிடிச்சா இன்னொருத்தர் சம்பளத்துல அந்த மாசம் ஓடிடும். ஆனா ஒருத்தர் சம்பளத்துல வாடகை, ஸ்கூல் ஃபீஸ், அப்பா அம்மா மருந்து, இஎம்ஐ எல்லாம் போற வீட்டுல, பிப்ரவரி மாசம் திடீர்னு முப்பதாயிரம் குறைஞ்சா அது பெரிய அடி. சம்பாதிக்கிறது கணவனா இருந்தாலும் மனைவியா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

இந்த அடி தவிர்க்கக்கூடியது. அதுக்கு டிடிஎஸ் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா போதும். இதுல வர்ற எல்லா எண்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை.

டிடிஎஸ்ங்கிறது வெறும் மதிப்பீடு

வருமான வரிச் சட்டத்துல 192-வது பிரிவு என்ன சொல்லுது? இந்த வருஷம் முழுக்க உங்களுக்கு எவ்வளவு சம்பளம் வரும்னு கம்பெனி மதிப்பீடு பண்ணணும். அதுக்கு வரி கணக்கு போடணும். அதை மாசா மாசம் பிரிச்சுப் பிடிக்கணும். அவ்வளவுதான்.

அந்த மதிப்பீட்டுக்கு கம்பெனிகிட்ட என்ன தகவல் இருக்கு? அவங்க கொடுக்கிற சம்பளமும், நீங்க போர்ட்டல்ல போட்டதும் மட்டும்தான். உங்க பேங்க் வட்டி, பழைய கம்பெனி சம்பளம், கார் வாங்கும்போது கட்டின வரி எதுவும் நீங்க சொல்லாம அவங்களுக்குத் தெரியாது. நீங்க தப்பா சொன்னா மதிப்பீடும் தப்பாகும். சொல்லாம விட்டாலும் அதே கதைதான்.

நல்ல செய்தி என்னன்னா, இந்த மதிப்பீட்டை வருஷத்துக்குள்ளயே திருத்தலாம். முந்தின மாசங்கள்ல கூடவோ குறைவோ பிடிச்சிருந்தா, மீதி மாசங்கள்ல அதைச் சரிக்கட்ட அதே 192-வது பிரிவு கம்பெனிக்கு அனுமதி கொடுக்குது. மார்ச் சம்பளம் போட்ட பிறகு அந்தக் கதவு மூடிடும். அதுக்கப்புறம் ரிட்டர்ன் தாக்கல் பண்ணி ரீஃபண்டு வாங்குறது ஒண்ணுதான் வழி.

ஒரே சம்பளக் குடும்பத்துக்கு ஏன் வரி அதிகம்?

அமெரிக்கா மாதிரி சில நாடுகள்ல கணவன் மனைவி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடலாம். நம்ம நாட்டுல அப்படி இல்ல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பான், தனித்தனி ஸ்லாப்.

இதோட விளைவைப் பாருங்க. நியூ ரெஜிம்ல 4 லட்சம் வரை வரி இல்ல. அதுக்கு மேல ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம்னு ஏறும். 24 லட்சத்துக்கு மேல 30 சதவீதம். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா 87ஏ பிரிவு ரிபேட் மூலமா வரி மொத்தமும் கழிஞ்சிடும். சம்பளக்காரங்களுக்கு 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் இருக்கிறதால, 12.75 லட்சம் சம்பளம் வரை வரி பூஜ்யம்.

இப்ப ரெண்டு வீடு. முதல் வீட்டுல ரெண்டு பேரும் ஆளுக்கு 12.75 லட்சம் வாங்குறாங்க. வீட்டு வருமானம் 25.5 லட்சம், வரி பூஜ்யம். ரெண்டாவது வீட்டுல ஒருத்தர் மட்டும் அதே 25.5 லட்சம் வாங்குறார். செஸ் சேர்த்து வரி 3,35,400 ரூபா. வீட்டுக்கு வர்ற வருமானம் ஒண்ணுதான், வித்தியாசம் மூணேகால் லட்சத்துக்கு மேல.

இதை நம்மால மாத்த முடியாது. ஆனா ஏற்கெனவே அதிகமா வரி கட்டுற வீடு, தேவையே இல்லாம இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே கட்டிட்டு அடுத்த வருஷம் வரை காத்திருக்கக் கூடாது இல்லையா? நம்ம கையில இருக்கிறது அதுதான்.

ஜனவரி அதிர்ச்சி எப்படி வருது?

உங்க சம்பளம் வருஷத்துக்கு 15 லட்சம்னு வச்சுக்குங்க. மாசம் 1,25,000. ஏப்ரல்ல எச்.ஆர். போர்ட்டல் திறந்தாங்க. நீங்க ஓல்டு ரெஜிம் டிக் பண்ணி, போன வருஷம் போட்ட மாதிரியே டிக்ளரேஷன் போட்டீங்க:

- 80சி: 1,50,000
- உங்க குடும்பத்து ஹெல்த் இன்ஷூரன்ஸ்: 25,000
- சீனியர் சிட்டிசனான அப்பா அம்மாவோட ஹெல்த் இன்ஷூரன்ஸ்: 50,000
- என்பிஎஸ்ல நீங்களே போடுறது: 50,000
- எச்ஆர்ஏ விலக்கு: 2,75,000

மொத்தம் 5,50,000. ஓல்டு ரெஜிம் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 50,000-த்தையும் கழிச்சா வரிக்குரிய வருமானம் 9 லட்சம். வரி 96,200. மாசம் சுமார் 8,017 ரூபா பிடிப்பாங்க. எல்லாம் நல்லாத்தான் போகுது.

ஜனவரியில "ப்ரூஃப் கொடுங்க"ன்னு மெயில் வருது. வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினா வீட்டு ஓனரோட பான் வேணும். ஓனர் தர மாட்டேங்கிறார். என்பிஎஸ்ல 50,000 போடலாம்னு நினைச்சீங்க, பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் வந்ததால போடல. ரெண்டும் ரிஜெக்ட்.

இப்ப வரிக்குரிய வருமானம் 12,25,000. வரி 1,87,200. டிசம்பர் வரை பிடிச்சது 72,150 மட்டும்தான். மீதி 1,15,050 ரூபாயை ஜனவரி, பிப்ரவரி, மார்ச்னு மூணு மாசத்துல பிடிக்கணும். மாசத்துக்கு 38,350 ரூபா.

8,017 போயிட்டிருந்த இடத்துல 38,350. கைக்கு வர்றதுல மாசம் முப்பதாயிரத்துக்கு மேல குறையுது. அதுவும் தொடர்ந்து மூணு மாசம். ஒரே சம்பள வீட்டுல இந்த ஓட்டையை எதை வச்சு அடைப்பீங்க? கிரெடிட் கார்டு, நகைக்கடன், இல்லன்னா கைமாத்து.

இதையே இப்ப சரி பண்ணினா?

இதே ஆள் இதே சம்பளத்துக்கு நியூ ரெஜிம்ல எவ்வளவு கட்டணும்? 15 லட்சத்துல 75,000 போனா 14,25,000. வரி 93,750, செஸ் 3,750. மொத்தம் 97,500.

அதாவது, ஓல்டு ரெஜிம்ல சொன்ன அஞ்சரை லட்சத்தையும் முழுசா நிரூபிச்சிருந்தாலே அவருக்கு மிச்சம் வெறும் 1,300 ரூபாதான். அந்த 1,300 ரூபாய்க்காக எடுத்த ரிஸ்க்தான் ஜனவரியில முப்பதாயிரமா வந்து நிக்குது.

இந்தக் கணக்கை நவம்பருக்கு முன்னாடியே போட்டுப் பார்த்தார்னு வச்சுக்குங்க. செப்டம்பர் வரை பிடிச்சது 48,100. அக்டோபர் சம்பளத்துலேர்ந்தே கம்பெனி அவரை நியூ ரெஜிமுக்கு மாத்தினா மீதி 49,400. ஆறு மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 8,233. முன்னாடி போனதை விட மாசம் 216 ரூபாதான் அதிகம்.

38,350 எங்கே, 8,233 எங்கே? ஆளும் ஒண்ணு, சம்பளமும் ஒண்ணு. சொன்ன நேரம்தான் வேற.

"எங்க கம்பெனியில வருஷ நடுவுல ரெஜிம் மாத்த விட மாட்டாங்களே"ன்னு கேப்பீங்க. பல கம்பெனிகள்ல அப்படித்தான். அப்பவும் ரெண்டு விஷயம் செய்யலாம். ஒண்ணு, நிரூபிக்க முடியாத ஐட்டங்களை இப்பவே டிக்ளரேஷன்லேர்ந்து எடுத்துடுங்க. மீதி வரி ஆறு மாசத்துக்குப் பரவும். மாசம் சுமார் 23,183. கஷ்டம்தான், ஆனா 38,350 இல்ல. ரெண்டு, கம்பெனியில சொன்ன ரெஜிம் உங்களைக் கட்டுப்படுத்தாது. பிசினஸ் வருமானம் இல்லாத சம்பளக்காரர் கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போடும்போது வேற ரெஜிமைத் தேர்வு பண்ணிக்கலாம். இந்த உதாரணத்துல அப்படி மாத்தினா 89,700 ரூபா ரீஃபண்டு. ஆனா அந்தப் பணம் ரிட்டர்ன் போட்டு, ப்ராசஸ் ஆகி வர்ற வரைக்கும் உங்க கையில இல்ல.

இன்னொண்ணு. நீங்க எதுவுமே சொல்லலன்னா கம்பெனி நியூ ரெஜிம்னு எடுத்துக்கும். 2023-24-லேர்ந்து அதுதான் டிஃபால்ட். பெரிய ஹோம் லோன் வட்டி, முழு எச்ஆர்ஏ, 80சி எல்லாம் உண்மையிலேயே இருக்கிறவங்களுக்கு ஓல்டு ரெஜிம் லாபமா இருக்கலாம். 15 லட்சம் சம்பளத்துக்கு அந்தக் கோடு எங்கே இருக்குன்னா, ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் போக உங்க கழிவுகள் 5,43,750-த்தைத் தாண்டணும். தாண்டினா ஓல்டு, தாண்டலன்னா நியூ. உங்க சம்பளத்துக்கு இந்தக் கோடு எங்கேன்னு வருமான வரித்துறை இணையதளத்துல இருக்கிற கால்குலேட்டர்ல அஞ்சு நிமிஷத்துல பார்த்துடலாம்.

"ரீஃபண்டு வந்தா சந்தோஷம்தானே?"

ரீஃபண்டு போனஸ் இல்ல. அது உங்க பணம். அரசாங்கத்துக்கு நீங்க கொடுத்த கைமாத்து.

அதுக்கு வட்டி உண்டா? உண்டு, மாசத்துக்கு அரை சதவீதம். ஆனா டிடிஎஸ் ரீஃபண்டுக்கு அந்த வட்டி, நிதியாண்டு முடிஞ்சு அடுத்த ஏப்ரல் 1-லேர்ந்துதான் ஓடத் தொடங்கும். நீங்க நேரத்துக்கு ரிட்டர்னும் போட்டிருக்கணும். போன மே மாசம் அதிகமா பிடிச்ச பணத்துக்கு மார்ச் வரை ஒரு பைசா கிடையாது. ரீஃபண்டு தொகை உங்க வரியில 10 சதவீதத்துக்குக் கீழ இருந்தா வட்டியே இல்ல. வர்ற வட்டிக்கும் வரி உண்டு.

"கையில இருந்தா செலவாகிடும், அங்க கிடக்கட்டுமே"ன்னு சில பேர் சொல்வாங்க. சேமிக்கணும்னா ஒரு ஆர்டி போடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரி போனா ஆர்டியை உடைக்கலாம். டிடிஎஸ்ஸை உடைக்க முடியாது.

போனஸ் வந்த மாசத்துல கவனிக்க வேண்டியது

இது 12.75 லட்சம் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு.

உங்க சம்பளம் சரியா 12.75 லட்சம், வரி பூஜ்யம். தீபாவளிக்கு 50,000 போனஸ் வந்துச்சு. இப்ப வரிக்குரிய வருமானம் 12.5 லட்சம். ரிபேட் போச்சு. சாதாரணமா கணக்குப் போட்டா 67,500 வரி. 'மார்ஜினல் ரிலீஃப்' இருக்கிறதால, 12 லட்சத்துக்கு மேல வந்த தொகையை விட வரி அதிகமாகாது. அதனால வரி 50,000. அதுக்கு மேல 4 சதவீத செஸ் 2,000. மொத்தம் 52,000.

50,000 போனஸுக்கு 52,000 வரி! வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துலேர்ந்து சுமார் 12,70,500 வரைக்கும் இருக்கிற பள்ளம் இது. இந்த இடைவெளியில வர்ற ஒவ்வொரு ரூபாயும் வரிக்கே போயிடும்.

வழி இருக்கா? ஒண்ணு இருக்கு. நியூ ரெஜிம்ல 80சி, 80டி எதுவும் கிடையாது. ஆனா கம்பெனி உங்க பேர்ல என்பிஎஸ்ஸுக்குப் போடுற பணத்துக்கு, அடிப்படைச் சம்பளத்துல 14 சதவீதம் வரை 80சிசிடி(2) பிரிவுல கழிவு உண்டு. அடிப்படைச் சம்பளம் 6 லட்சம்னா 84,000 வரை. உங்க சிடிசிக்குள்ளயே 50,000 ரூபாயை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி எச்.ஆர்.கிட்ட கேளுங்க. வரிக்குரிய வருமானம் மறுபடியும் 12 லட்சம், வரி பூஜ்யம். வரியா போகவேண்டிய பணம் உங்க ஓய்வுக்கால கணக்குல நிக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. இது கம்பெனி மூலமா போகணும். நீங்களே என்பிஎஸ்ல போட்டா நியூ ரெஜிம்ல கழிவு கிடையாது. அப்புறம், அந்தப் பணம் பெரும்பாலும் 60 வயசு வரைக்கும் பூட்டுதான். நீங்க இந்தப் பள்ளத்துக்குள்ள இல்லன்னா, அவசரகால நிதி சேர்க்காம இதுல போடாதீங்க.

இன்னும் ஒண்ணு. பங்கு வித்து குறுகியகால லாபம் வந்திருந்தா, அந்த லாபத்துக்கான 20 சதவீத வரிக்கு இந்த ரிபேட் கிடைக்காது. "12 லட்சத்துக்குள்ளதானே"ன்னு அலட்சியமா இருக்காதீங்க.

போனஸ் மாசத்துல டிடிஎஸ் எகிறினதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். சில கம்பெனிகள் போனஸுக்கான வரியை அந்த மாசமே மொத்தமா எடுத்துக்கும், சில கம்பெனிகள் மீதி மாசங்களுக்குப் பிரிக்கும். உங்க கம்பெனி எந்த வகைன்னு பேரோல் டீம்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேட்டா சொல்லிடுவாங்க.

வேலை மாறினீங்களா? இதைத் தவறவே விடாதீங்க

செப்டம்பர் வரை ஒரு கம்பெனி, மாசம் 1,00,000. வருஷத்துக்கு 12 லட்சம்னு மதிப்பீடு பண்ணினாங்க, டிடிஎஸ் பூஜ்யம். அக்டோபர்ல புது கம்பெனி, மாசம் 1,25,000. ஆறு மாசத்துக்கு 7.5 லட்சம்தான், இவங்களும் டிடிஎஸ் பூஜ்யம்.

ஆனா உங்க மொத்த வருமானம் 13.5 லட்சம். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் ஒரு தடவைதான். வரிக்குரிய வருமானம் 12.75 லட்சம், வரி 74,100. இதுவரைக்கும் ஒரு ரூபாகூட கட்டல!

ரிட்டர்ன் போடுற நேரத்துல இது தெரிஞ்சா, வரியோட சேர்த்து மாசம் 1 சதவீத வட்டியும் கட்டணும். டிடிஎஸ் போக மீதி வரி 10,000-த்தைத் தொட்டாலே முன்கூட்டி வரி கட்டணும்ங்கிறது விதி. தீர்வு ரொம்ப சிம்பிள்: புது கம்பெனிக்கு ஃபார்ம் 12பி கொடுத்து, பழைய சம்பளத்தையும் பழைய டிடிஎஸ்ஸையும் சொல்லிடுங்க. அக்டோபர்லயே சொன்னா மாசம் 12,350. மார்ச்ல சொன்னா அந்த மாச சம்பளத்துல பாதிக்கு மேல போயிடும்.

வெளியில கட்டின வரியையும் சொல்லலாம்

2024 அக்டோபர்லேர்ந்து ஃபார்ம் 12பிஏஏ வந்திருக்கு. நிறைய பேருக்கு இது தெரியாது. உங்களுக்கு வேற இடத்துல பிடிச்ச டிடிஎஸ், டிசிஎஸ் ரெண்டையும் இதுல கம்பெனிக்குச் சொல்லலாம். அவங்க சம்பள டிடிஎஸ்ல அதைக் கழிச்சுக்குவாங்க.

உதாரணமா 11 லட்சத்துக்குக் கார் வாங்கினீங்க. 10 லட்சத்துக்கு மேல போனா 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது 11,000 ரூபா ஷோரூம்ல வாங்கியிருப்பாங்க. அது உங்க பான்ல வரவு வச்ச வரி. ரீஃபண்டுக்காக அடுத்த வருஷம் வரை காத்திருக்காம, இப்பவே ஃபார்ம் கொடுத்தா மீதி மாசங்கள்ல டிடிஎஸ் 11,000 குறையும்.

இதுலயே எஃப்டி வட்டி மாதிரி மத்த வருமானத்தையும் சொல்லலாம். வட்டி வருஷத்துக்கு 50,000-த்தைத் தாண்டினா பேங்க் 10 சதவீதம் பிடிக்கும். நீங்க 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா மீதியை நீங்கதான் கட்டணும். மாசா மாசம் சம்பளத்துலயே போயிட்டா கடைசியில கனம் தெரியாது.

மனைவி பேர்ல போட்டா வரி மிச்சமா?

ஒரே சம்பளக் குடும்பங்கள்ல எல்லாரும் கேக்குற கேள்வி இது. "அவங்களுக்குத்தான் வருமானமே இல்லையே, எஃப்டியை அவங்க பேர்ல போட்டா?"

வேலைக்கு ஆகாது. உங்க சம்பளத்துலேர்ந்து மனைவிக்கோ கணவனுக்கோ சும்மா கொடுத்த பணத்துல வர்ற வட்டி, 64-வது பிரிவுப்படி உங்க வருமானத்தோடதான் சேரும். கம்பெனிக்கு இது தெரியாததால டிடிஎஸ்ல வராது. பின்னாடி ஏஐஎஸ் பார்த்து நோட்டீஸ் வரலாம்.

ஆனா அவங்க சொந்தப் பணம் வேற. அப்பா அம்மா கொடுத்தது, கல்யாணத்துக்கு முன்னாடி வேலை பார்த்துச் சேர்த்தது, இப்ப வீட்டுலயே டியூஷன் எடுத்தோ தையல் பண்ணியோ சம்பாதிக்கிறது இதெல்லாம் அவங்க வருமானம், அவங்க ஸ்லாப். உங்க பணத்தையும் அவங்க பணத்தையும் ஒரே கணக்குல கலக்காம, அவங்களுக்குத் தனி பேங்க் கணக்கு வச்சுக்குங்க. வரிக்கு மட்டும் இல்ல, வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தன் பேர்ல ஒரு கணக்கு இருக்கிறது எப்பவுமே நல்லதுதான்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பேரோல் போர்ட்டல்ல 'டாக்ஸ் கம்ப்யூட்டேஷன் ஷீட்' டவுன்லோடு பண்ணுங்க. எந்த ரெஜிம், வருஷ வரி எவ்வளவு, இதுவரை பிடிச்சது எவ்வளவுன்னு மூணையும் குறிச்சு வையுங்க.

2. உங்க உண்மையான வருமானத்தையும் கழிவுகளையும் வச்சு ரெண்டு ரெஜிமுக்கும் கணக்குப் போடுங்க. "போடலாம்னு இருக்கேன்" கணக்குல சேராது. கையில பேப்பர் இருக்கிறதை மட்டும் சேருங்க.

3. ஓல்டு ரெஜிம்னா ஒவ்வொரு டிக்ளரேஷனுக்கும் பக்கத்துல ப்ரூஃப் இருக்கான்னு டிக் பண்ணுங்க. ஓனர் பான்னை இப்பவே கேளுங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ரொக்கமா கட்டினா 80டி கிடையாது, யுபிஐ-லயோ கார்டுலயோ கட்டுங்க.

4. வேலை மாறியிருந்தா ஃபார்ம் 12பி. மத்த வருமானம், வெளியில பிடிச்ச வரி இருந்தா 12பிஏஏ.

5. பான், ஆதார் இணைப்பு சரியா இருக்கான்னு பாருங்க. பான் செயலிழந்திருந்தா சம்பளத்துலயே 20 சதவீதம் வரை பிடிக்க நேரலாம்.

6. மீதி வரியை மீதி மாசங்களால வகுத்து, அந்தத் தொகையை வீட்டுல சொல்லுங்க. "ஜனவரியிலேர்ந்து மாசம் இவ்வளவு குறையும்"னு முன்னாடியே தெரிஞ்சா ஸ்கூல் டெர்ம் ஃபீஸ், வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாத்துக்கும் அவங்களும் சேர்ந்து திட்டம் போடுவாங்க.

ஒண்ணை மட்டும் கண்டிப்பா செய்யாதீங்க. டிடிஎஸ் குறையணும்னு பொய் வாடகை ரசீது, இல்லாத டொனேஷன் போடாதீங்க. வருமானத்தைத் தவறா காட்டினா அந்த வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. ஒரே சம்பளத்துல ஓடுற வீடு அதைத் தாங்காது.

உங்க சம்பளத்துல எவ்வளவு வரின்னு அரசாங்கம் முடிவு பண்ணுது. அது எந்த மாசத்துல எவ்வளவு போகணும்ங்கிறதுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. மார்ச் சம்பளம் வர்றதுக்கு இன்னும் சில மாசம் இருக்கு. பே ஸ்லிப்பைத் திறங்க, கணக்கைப் போடுங்க, பேரோல் டீமுக்கு அந்த ஒரு மெயிலை அனுப்புங்க.

இந்தக் கணக்கையெல்லாம் எக்செல் ஷீட்ல ஒவ்வொரு படியா போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. பார்த்துட்டு, சம்பளம் வாங்க ஆரம்பிச்சிருக்கிற உங்க தம்பி தங்கச்சிக்கும் அனுப்புங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.